பரமசிவன் மலையும் பறிபோன தண்டவாளமும்

யுத்தம் நடந்த இடங்களைப் போய்ப் பார்ப்பதில் மனிதர்களுக்கு ஓர் அலாதி விருப்பம் உண்டு. பானிப்பட்டுக்குச் செல்கிறவர்கள் வயல்வெளியைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். பிளாசிக்குச் செல்கிறவர்கள் மாந்தோப்பு எங்கே இருந்தது என்று விசாரிக்கிறார்கள். நமது தமிழ்நாட்டிலேயே வந்தவாசியும் செஞ்சியும் இருக்கின்றன. ஆனால், "போடிநாயக்கனூரும் ஒரு யுத்த ஸ்தலந்தான்" என்று நாம் சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். "அங்கே ஏலக்காய் வாசனை உண்டு, மலைக்காற்று உண்டு, பீரங்கி எப்பொழுது வெடித்தது?" என்று கேட்பார்கள்.

பீரங்கி வெடிக்கவில்லை என்பது வாஸ்தவமே. அந்நியச் சிப்பாய் எவனும் அந்த மலையடிவாரத்தில் துப்பாக்கியுடன் இறங்கவும் இல்லை. ஆயினும் இரண்டாவது உலக மகாயுத்தம் போடிநாயக்கனூர் வரையில் வந்தது. வந்தது மட்டுமல்ல, ஊருக்குச் சொந்தமான ஒரு பொருளையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அந்தப் பொருளின் நீளம் 90 கிலோமீட்டர்! அது என்னவென்பதைச் சற்றுப் பின்னால் சொல்லுகிறோம். முதலில் பயணத்தைத் தொடங்குவோம்.

தேவாரத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் காலைப் பஸ்ஸில் புறப்பட்டோம். தேவாரம் என்றவுடன் மூவர் பாடிய பதிகங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாம் குறிப்பிடுவது தேனி ஜில்லாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊரை. அந்த ஊரில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலைதான் தெரியும். அதற்கு அப்பால் ஏலத் தோட்டங்கள் இருக்கின்றன. தேவாரத்து மக்கள் அந்தத் தோட்டங்களுக்குச் செல்வதற்குச் சாக்குலூத்து மெட்டு என்னும் பழைய மலைப்பாதை ஒன்று உண்டு. அதைச் சாலையாக்கித் தர வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். கண்ணுக்கு எதிரே இருக்கும் தோட்டத்துக்கு வேறு கணவாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதென்றால் யாருக்குத்தான் மனம் வரும்? "வழி" என்பது இந்தப் பிரதேசத்தின் நிரந்தரக் கவலை. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இனிமேல் சொல்லப் போகும் கதை முழுவதும் அந்தக் கவலையைப் பற்றியதுதான்.

ராசிங்கபுரம், சிலமலை முதலிய ஊர்களைக் கடந்து பஸ் செல்லும்போது இடது கைப் பக்கத்தில் மலை கூடவே வருகிறது. வலது கைப் பக்கத்தில் தென்னந்தோப்புகளும் மானாவாரி நிலங்களும் மாறி மாறி வருகின்றன. ஒரு பக்கம் வானத்தைத் தொடுகிற பச்சை. மறுபக்கம் மழைக்காக வானத்தைப் பார்க்கிற செம்மண். இவ்விரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்தாற்போல் சாலை செல்கிறது.

போடிநாயக்கனூரில் இறங்கியதும் நாங்கள் நேரே பரமசிவன் மலைக்குச் சென்றோம். பெரிய மலைத் தொடருக்கு முன்னால் பிள்ளை நிற்பது போல ஊரின் ஓரத்தில் நிற்கும் சிறு குன்று இது. இதன் உச்சியில் பரமசிவன் ஆலயம் இருக்கிறது. இவ்வூர் மக்கள் இதைத் தென் திருவண்ணாமலை என்று பெருமையுடன் அழைக்கிறார்கள். சித்திரை மாதத்தில் திருவிழா நடைபெறுகிறது. அச்சமயம் ஊரே மலையின்மீது ஏறிவிடும்.

நாங்கள் சென்ற தினம் திருவிழாத் தினமல்ல. ஆகையால் படிகளில் கூட்டம் இல்லை. தலையில் சுமையுடன் ஓர் அம்மாள் எங்களை முந்திக்கொண்டு போனாள். நாங்களோ பத்துப் படிக்கு ஒரு தடவை இயற்கைக் காட்சியை ரசிப்பதற்காக நின்றோம். இயற்கைக் காட்சி என்பது மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஆண்டவன் அளித்த கௌரவமான காரணம் அல்லவா?

சந்நிதியில் தீபாராதனை முடிந்து விபூதிப் பிரசாதம் பெற்றுக்கொண்டு வெளியே வந்தோம். அங்கே கண்ட காட்சியை மறக்க முடியாது. கீழே போடி நகரம் ஓட்டுக் கூரைகளும் மச்சு வீடுகளுமாய்ப் பரந்து கிடக்கிறது. குரங்கணி மலைப் பக்கத்திலிருந்து கொட்டகுடி ஆறு இறங்கி வருகிறது. மேற்கே மலை சுவர்போல் எழும்பியிருக்கிறது. அந்தச் சுவரின்மேல் வளைந்து வளைந்து ஏறுவது போடிமெட்டுச் சாலை. மேலே போய்விட்டால் கேரள ராஜ்யம். சுதந்திரத்துக்கு முன்னால் அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-ஆம் ஆண்டில் மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுடன் சேர வேண்டும் என்று எவ்வளவோ கிளர்ச்சி நடந்தது. முடிவில் அவை கேரளத்துடனேயே நின்றுவிட்டன. ராஜ்யம் எதுவானாலும் தோட்டத்தில் காய் பறிக்கும் கைகளில் பெரும்பகுதி இந்தப் பக்கத்துக் கைகள்தாம். விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள், மாலையில் இறங்குகிறார்கள். காயும் அவர்களோடு இறங்கி வருகிறது. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல நிலையம் இருக்கிறது. ஏலத்தை ஏலம் போடுகிற ஊர் என்று இதைச் சொல்லலாம்.

ஆலய வாசலில் நின்றுகொண்டு கிழக்கே திரும்பிப் பார்த்தால் மலைகள் விலகிச் சமவெளி திறக்கிறது. தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, அப்பால் மதுரை. மேற்கே சரக்கு விளைகிறது. கிழக்கே சந்தை இருக்கிறது. நடுவில் போடி, வாசற்படிபோல் உட்கார்ந்திருக்கிறது. வாசற்படியில் வந்து குவிந்த சரக்கை வெளியே கொண்டுபோவது எப்படி? நூறு வருஷங்களுக்கு முன்னால் இதுதான் பெரிய பிரச்னை.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரக் கம்பெனியார் இதற்காகச் செய்த ஏற்பாடு மிகவும் சுவாரஸ்யமானது. மூணாற்றிலிருந்து மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் வரையில் முதலில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்றை 1902-ஆம் ஆண்டில் விட்டார்கள். 1908-இல் அதை மாற்றிச் சின்னஞ்சிறு ரயில் போட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் அந்தரத்தில் கம்பி வழியாகத் தொங்கிக்கொண்டு குரங்கணிப் பக்கம் இறங்கின. அங்கிருந்து போடி. போடியிலிருந்து வெகு தூரம் சாலைப் பிரயாணம் செய்து மதுரைப் பக்கத்து ரயிலைப் பிடித்து, தூத்துக்குடியில் கப்பலேறிச் சீமைக்குப் போயின. 1924-ஆம் ஆண்டில் மலையாள நாட்டையே மூழ்கடித்த பெருவெள்ளத்தில் அந்த மலை ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் அதைக் கட்டவேயில்லை.

ஆனால், கீழே மதுரையிலிருந்து ரயில் மலையடிவாரத்தை நோக்கி வந்தது. 1928-ஆம் ஆண்டில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் வண்டி போடிநாயக்கனூரில் வந்து நின்றது. ஏலமும் தேயிலையும் காப்பியும் மிளகும் பருத்தியும் வண்டியேறின. வெள்ளைக்காரர்கள் இதைப் போட்டது நமது மக்கள் மேல் கொண்ட வாஞ்சையினால் என்று எண்ணுவதற்கில்லை. சரக்குக்காகவே போட்டார்கள். ஆனால், தண்டவாளத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது சரக்கையும் ஏற்றும். சரக்கைச் சுமந்தவனையும் ஏற்றும். உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் தேனியிலும் இருந்த ஏழை எளியவர்கள் மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவும், கோர்ட்டுக்குப் போகவும், மீனாட்சியம்மனைத் தரிசிக்கவும் அதுவே வழியாயிற்று.

அந்த வழிதான் பறிபோயிற்று. யுத்தம் எடுத்துக்கொண்டு போன பொருள் இதுதான்!

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி, ஜெர்மனியுடன் பிரிட்டன் யுத்தம் தொடங்கியதும், இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ பிரகடனம் செய்தார். இந்திய மக்களின் பிரதிநிதிகளில் ஒருவரையேனும் அவர் கலந்துகொள்ளவில்லை. அதைக் கண்டித்துச் சென்னையில் ராஜாஜியின் மந்திரி சபை உள்படக் காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜீனாமாச் செய்தன. இதெல்லாம் சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது. புத்தகங்களில் அதிகமாக இல்லாதது என்னவென்றால், கேளாமல் செய்த அந்தப் பிரகடனம் எந்தெந்த ஊரில் எந்தெந்த வீட்டு வாசலில் வந்து நின்றது என்பதுதான்.

1942-ஆம் ஆண்டு பிறந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. பர்மா அரிசி வருவது நின்றது. சென்னை நகரத்து மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினார்கள். அதே காலத்தில் சர்க்காருக்கு இரும்புப் பஞ்சம் ஏற்பட்டது. இந்தியாவிலிருந்து எஞ்சின்களும் வண்டிகளும் தண்டவாளங்களும் மத்தியக் கிழக்குப் போர்முனைகளுக்காகக் கப்பலேறின. "அவசியமற்றவை" என்று கருதப்பட்ட கிளைப் பாதைகளைப் பெயர்த்தெடுக்கும் வேலை தேசமெங்கும் நடந்தது. மலையாளத்தில் ஷோரனூர்–நிலம்பூர்ப் பாதை போயிற்று. பஞ்சாபில் காங்க்ரா பள்ளத்தாக்குப் பாதையின் ஒரு பகுதி போயிற்று. நமது தருமபுரிப் பக்கத்து ஒசூர்ப் பாதை போயிற்று. அந்த வரிசையில், 1942-இல், மதுரை–போடி பாதையும் போயிற்று.

"அவசியமற்றது" என்று யார் தீர்மானித்தார்கள்? லண்டன் மாநகரத்துக்கும் டெல்லிச் செயலகத்துக்கும் அது அவசியமற்றதாக இருந்திருக்கலாம். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேற்கே இருந்தவர்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். அப்பொழுது பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு. பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதன் புகையில் ஓடிய பஸ்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேட்டில் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்களாம். பள்ளத்தில் பஸ் அவர்களைத் தள்ளுமாம்! ரயில் போன பிறகு, பொதி சுமக்கும் வேலை மறுபடியும் மாட்டு வண்டிகளுக்கும் மனிதர்களின் முதுகுக்கும் வந்து சேர்ந்தது.

இதே 1942-ஆம் ஆண்டில், வங்காள விரிகுடாவுக்கு அப்பால், வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. சயாம் நாட்டிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். அதுவும் மீட்டர் கேஜ் பாதைதான். அதற்கு வேண்டிய தண்டவாளங்களுக்காக மலாயாவில் கிழக்குக் கரைப் பாதையையும் மலாக்காக் கிளைப் பாதையையும் பெயர்த்தார்கள். தண்டவாளத்தோடு ஆட்களையும் கொண்டுபோனார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் ஆசை வார்த்தை கூறப்பட்டும், பலாத்காரமாகவும் அந்தக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நேச நாட்டு யுத்தக் கைதிகள் மாண்டிருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடப்படுகிறது. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழனுக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. எண்பது வருஷங்களுக்குப் பிறகு, 2023-ஆம் ஆண்டில்தான், மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் முயன்று, அங்குள்ள ஒரு புத்த ஆலய வளாகத்தில் அவர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள்.

ஒரு சாம்ராஜ்யம் தமிழனிடமிருந்து தண்டவாளத்தைப் பிடுங்கியது. இன்னொரு சாம்ராஜ்யம் தமிழனைப் பிடித்துத் தண்டவாளம் போடச் செய்தது. இரண்டு இடங்களிலும் தமிழனைக் கேட்டவர் யாருமில்லை. பிடுங்கியதையும் கொன்றதையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்பதை நாம் அறிவோம். போடியில் உயிர் போகவில்லை, வழிதான் போயிற்று. ஆனால், அடிமை நாட்டின் இலக்கணம் இரண்டிலும் ஒன்றே. தன் உடைமையையும் உடலையும் பற்றிய முடிவுகள் தன்னைக் கேளாமல் செய்யப்படுவதுதான் அந்த இலக்கணம். 1942 ஆகஸ்டு மாதத்தில் "வெள்ளையனே, வெளியேறு!" என்று மகாத்மா காந்தி ஏன் சொன்னார் என்பதை விளக்குவதற்கு, நமக்கு வேறு பிரசங்கம் வேண்டியதில்லை. தண்டவாளம் பெயர்த்த ரயில் மேடு ஒன்றே போதும்.

மலையிலிருந்து இறங்கி, ஓட்டல் ஒன்றில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பிற்பகலில் ரயில் நிலையத்துக்குச் சென்றோம். இப்பொழுது பார்க்கிறவர்களுக்கு அங்கே யுத்தத்தின் அடையாளம் ஒன்றும் தென்படாது. அகலப் பாதை, பளிச்சென்ற நடைமேடை, எழுத்துப் பிழையில்லாத பெயர்ப் பலகை. ஆல் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கக்கூடிய நிலையம். ஆனால், பெஞ்சியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். மதுரையில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, யுத்த காலத்தில் இங்கே ரயில் இல்லையாமே?" என்று கேட்டோம்.

"எனக்கு ஏழெட்டு வயது வரையில் நான் ரயிலைப் பார்த்ததில்லை, தம்பி. மேடு மட்டும் கிடந்தது. அதன்மேலேதான் ஆடு மேய்ப்போம். 'இது என்ன மேடு?' என்று கேட்டால் 'ரயில் மேடு' என்பார்கள். 'ரயில் எங்கே?' என்று கேட்டால் 'சண்டைக்குப் போயிருக்கிறது' என்பார்கள். ரயிலையும் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்!" என்றார் பெரியவர்.

"திரும்பி வந்ததா?"

"பட்டாளத்துக்குப் போன எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் திரும்பினார்கள். அந்தத் தண்டவாளம் திரும்பவில்லை. சுதந்திரம் வந்த பிறகு புதுசாகத்தான் போட்டார்கள். முதல் வண்டி வந்தபோது என் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டினார். நான் தோளில் ஏறுகிற வயசில்லை. ஆனாலும் ஏற்றிக்கொண்டார்."

பெரியவர் சொன்னது சரித்திரத்தோடு ஒத்துப்போகிறது. சுதந்திர இந்தியாவின் சர்க்கார் 1953–54-இல் இந்தப் பாதையை மறுபடியும் போட்டது. நமது சொந்த ராஜ்யம் செய்த நற்காரியங்களின் ஜாபிதாவில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காங்க்ரா பாதையும் நிலம்பூர்ப் பாதையும் அந்தச் சமயத்திலேயே உயிர்பெற்றன. ஒசூர்ப் பக்கத்துப் பழைய பாதைக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இத்துடன் கதை முடிந்திருந்தால், வெள்ளையன் பறித்தான், நாம் கொடுத்தோம் என்று மார்தட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால், உண்மை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்த மீட்டர் கேஜ் பாதையில் வண்டிகள் நின்றன. தண்டவாளங்களை மறுபடியும் பெயர்த்தார்கள். தேனி வரையில் ரயில் வருவதற்கு 2022 மே மாதம் ஆயிற்று. போடி வரையில் வருவதற்கு 2023 ஜூன் 15-ஆம் தேதி ஆயிற்று. அன்றே சென்னைக்கு வாரம் மும்முறை செல்லும் விரைவு வண்டியும் தொடங்கியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உலக மகாயுத்தத்தின்போது அந்நியன் பிடுங்கியதை மீண்டும் போட ஏறத்தாழப் பன்னிரண்டு வருஷம். யாதொரு யுத்தமும் இல்லாத காலத்தில் நாமே பிடுங்கியதை மீண்டும் போட அதைவிடச் சற்று அதிகம்! குறிஞ்சிப் பூப் பூப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்பார்கள். இந்த மலையடிவாரத்து ரயிலும் குறிஞ்சியைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போலிருக்கிறது.

இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையா? உண்டு. முன்னது எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று கேட்க மக்களுக்கு உரிமை இருக்கவில்லை. பின்னதில் கேட்டார்கள், மனுக் கொடுத்தார்கள், ஓயாமல் நச்சரித்தார்கள், கடைசியில் பெற்றுக்கொண்டார்கள். கேட்கிற உரிமைதான் சுயராஜ்யம். கேட்டதும் கிடைப்பது நல்ல ராஜ்யம். முதலாவது நமக்கு வந்துவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் கொஞ்சம் நச்சரிக்க வேண்டியிருக்கிறது. சாக்குலூத்து மெட்டுக்காரர்களைக் கேட்டால் இதை இன்னும் நன்றாக விளக்குவார்கள்.

போடிக்குச் செல்ல விரும்பும் நேயர்களுக்கு நமது யோசனை இதுதான். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் பரமசிவனைத் தரிசித்துவிடுங்கள். உச்சியில் நின்று மேற்கையும் கிழக்கையும் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். இந்தப் பிரதேசத்தின் சரித்திரம் முழுவதும் அந்த இரண்டு திசைகளுக்கு நடுவில் அடங்கியிருக்கிறது. மாலையில் மதுரைக்குச் செல்லும் ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டு, ஆண்டிபட்டிக் கணவாயைக் கடக்கும்போது வெளியே பாருங்கள். பாறையை வெட்டி வழி செய்தவர்களையும், அந்த வழி பறிபோனபோது நடந்தே சென்றவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே அதிகாரிகளுக்கும் போடி நகரத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். காஞ்சனபுரியில் ஒரு கல் நாட்ட எண்பது வருஷம் ஆயிற்று. போடியில் அவ்வளவு காலம் கடந்துவிட்டது; இன்னும் கடத்த வேண்டாம். நிலையத்து நடைமேடையில் ஒரு சிறு கல் போதும். அதில் சிங்காரமான வாசகம் ஒன்றும் வேண்டியதில்லை. "1928-இல் வந்தது. 1942-இல் யுத்தத்துக்காக, ஊராரைக் கேளாமல், எடுக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவில் மீண்டும் போடப்பட்டது" என்று தமிழில் பொறித்து வைத்தால், மூட்டை முடிச்சுடன் வண்டிக்குக் காத்திருக்கும் ஏலத் தோட்டத்துத் தொழிலாளியின் குழந்தை அதை எழுத்துக் கூட்டிப் படிக்கும். படித்துவிட்டு, "ஏன் கேட்கவில்லை?" என்று தன் தகப்பனாரைக் கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒவ்வொரு குழந்தையும் நமது சுதந்திரத்துக்கு ஒரு காவலன்.